தடவினால் தெரியும் கோளாறு: கீற்றுப் படகின் உடலைச் சமன் செய்யும்போது வரும் சிக்கல்கள்

மெல்லிய மரக் கீற்றுகளை வரிசையாக ஒட்டிச் செய்வது கீற்றுப் படகு. கடைசிக் கீற்றை ஒட்டி, ஸ்டேப்பிள் பின்களையெல்லாம் பிடுங்கி முடித்த இரவில் படகு கண்கொள்ளா அழகாக இருக்கும். மறுநாள் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். மேடு, பள்ளம், படி, பசைக்கட்டி, பின் துளை என்று எல்லாம் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் கை தானாகச் சாண்டரை, அதாவது உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மின்கருவியை, தேடிப் போகும். என் கையும் போனது. அங்கேதான் பாதிக் கோளாறு ஆரம்பமானது.

என்னுடையது 16 அடி கேனோ, துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லியான படகு. ஸ்கார்பரோவில் வீட்டுக் கராஜில் இரண்டு குளிர்காலம் எடுத்துச் செய்தது. மேற்கத்திய செஞ்சீடர் மரத்தில் 6 மி.மீ. கனம், 19 மி.மீ. அகலக் கீற்றுகள். ஒரு ஓரம் குழிவு, மறு ஓரம் உருண்டை, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். 12 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய, படகின் குறுக்கு வடிவில் வெட்டிய அச்சுப் பலகைகளின் மேல், கவிழ்த்த நிலையில் ஒட்டி, வெளியே கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்சி என்ற இறுகும் பிசினும் போட்டு, அதன் மேல் வார்னிஷ். மரம் வெளியே தெரிகிற படகு என்பதால் பட்டி பார்த்து மறைக்க வழி கிடையாது. பெயின்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் நடுவில் ஓரிடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சீடர் தூள் மூச்சுக்கு ஆகாது. அதிலுள்ள ப்ளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மரப்பட்டறைத் தொழிலாளர்களிடம் நன்றாக அறியப்பட்ட நோய் அது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். எப்பாக்சி வேலைக்குக் கையுறை கட்டாயம். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது உங்களை விட்டுப் போகாது.

முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்பது

மேலிருந்து விழும் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாப் படகும் நல்ல படகுதான். கராஜ் விளக்கை அணையுங்கள். ஒரு எல்.இ.டி. விளக்கைப் படகின் தோலோடு ஒட்டினாற்போல் வைத்து, நீளவாக்கில் வெளிச்சம் ஓடும்படி செய்யுங்கள். மேட்டின் பின்னால் நிழல் விழும். விளக்கை நகர்த்தும்போது நிழலும் கூடவே நகர்ந்தால் அது மேடு அல்லது பள்ளம். நகராத கறுப்பு வெறும் மரத்தின் நிறம். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் நல்ல மரத்தில் ஓர் இடத்தை வீணாகத் தேய்த்திருந்தேன்.

அடுத்தது உள்ளங்கை. கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கைக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்துத் தடவுங்கள். வெறும் கை சொரசொரப்பைத்தான் சொல்லும். துணி அதை மறைத்துவிடுவதால் ஏற்ற இறக்கம் மட்டும் கைக்கு வரும். மூன்றாவது, நான்கடி நீளமுள்ள மெல்லிய வளையும் சட்டம் ஒன்று. மிஞ்சிப்போன கீற்றே போதும், முடிச்சு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். அதை உடலின் மேல் நீளவாக்கிலும் சரிவாகவும் வளைத்து வைத்தால், அடியில் வெளிச்சம் எங்கே புகுகிறதோ அங்கே பள்ளம். பென்சிலால் பள்ளத்துக்கு வட்டம், மேட்டுக்குப் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். குறி போடாமல் கருவியைத் தொடாதீர்கள்.

அறிகுறி: வயிற்று வளைவில் கோடு கோடாக, பலகோணம் போலத் தெரிகிறது

இது பிழையே இல்லை. தட்டையான கீற்றுகளை வளைவின் மேல் ஒட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சிறு முகமாகத்தான் நிற்கும். அடிப்பாகம் பக்கச் சுவராகத் திரும்புகிற இடத்தில் வளைவு இறுக்கம், அதனால் முனைகளும் கூர்மை. இரண்டு கீற்றுகள் சந்திக்கும் மூலைதான் எடுக்கப்பட வேண்டியது. கீற்றின் நடுப்பகுதி ஏறத்தாழச் சரியான உயரத்திலேயே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் 60 நம்பர் தாளை மாட்டிச் சாண்டரை ஓட்டினேன். வீடியோ அழைப்பில் கும்பகோணத்துச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். ஆசாரி வேலையிலேயே முடி நரைத்தவர். ஒரு நிமிடம் பார்த்தார். "டேய், உப்புத்தாள் மேட்டையும் தின்னும், பள்ளத்தையும் தின்னும். இழைப்புளிக்குப் பள்ளம் எட்டாது. அதை எடு முதல்ல," என்றார். நான் வாங்கி வைத்திருந்த சிறிய இழைப்புளியைக் காட்டியதும், "பிளேடு தீட்டாம பெட்டியில இருந்து எடுத்தபடியே இருக்கு" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

செய்முறை இதுதான். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கையடக்க இழைப்புளியின் அலகைத் தாள் கனத்துக்கும் குறைவாகச் சீவும்படி வையுங்கள். கீற்றின் போக்கிலேயே ஓட்டுங்கள், ஆனால் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் மூலையிலிருந்து நூல் போல மெல்லிய சீவல் வரும். நான்கைந்து முறை ஓட்டியபின் அது நாடா போல அகலமாகும். இருபுறமும் சீவிக்கொண்டே வந்து பென்சில் கோடு மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கோடு போய்விட்டால் அளவுக்கு மேல் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், இரண்டடி இங்கே, இரண்டடி அங்கே என்று மாறி மாறிச் செய்வது நல்லது. கை சோர்ந்த பக்கம் ஒரு மாதிரியும் சோராத பக்கம் வேறு மாதிரியும் வந்துவிடும்.

இழைப்புளி முடிந்த பிறகுதான் நீளக்கட்டை. இரண்டடி நீளம், மூன்று அங்குல அகலம், கால் அங்குலப் பிளைவுட். இரு முனையிலும் பிடி. அடியில் 80 நம்பர் தாள். வளைவோடு அதுவும் சற்று வளைந்துகொடுக்கும், ஆனால் சிறு பள்ளத்துக்குள் இறங்காது. 45 பாகைச் சாய்வில் ஒரு திசை, பிறகு எதிர்ச்சாய்வில் மறு திசை. தேய்ப்பதற்கு முன் உடல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டால் எங்கே தாள் படவில்லை என்பதைக் கிறுக்கலே காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: இழைக்கும்போது மரம் பிய்ந்து வருகிறது

சீடரின் நார் ஒவ்வொரு கீற்றிலும் ஒவ்வொரு திசையில் ஓடும். பக்கத்துக் கீற்றில் வெண்ணெயாகப் போன அலகு இதில் செதிலைக் கிளப்பும். திசையை மாற்றி ஓட்டுங்கள். அப்படியும் பிய்ந்தால் அலகைத் தீட்டுங்கள். அதற்கும் அடங்காத இடத்துக்கு ஸ்கிரேப்பர் என்ற சுரண்டும் தகடு. கிளம்பிய செதிலைப் பிய்த்துப் போட்டுவிடாமல், பசை வைத்து, டேப் ஒட்டி அமுக்கிவிட்டால் தடம் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: ஒரு கீற்று பக்கத்துக் கீற்றைவிடப் படிபோல் உயர்ந்து நிற்கிறது

ஒட்டும்போது இரண்டு அச்சுப் பலகைகளுக்கு நடுவில் கீற்று வழுக்கி வெளியே வந்திருக்கிறது. அரை மி.மீ. என்றால் இழைத்துவிடலாம். ஒன்றரை மி.மீ.க்கு மேல் என்றால் யோசியுங்கள்: 6 மி.மீ. கனத்தில் அவ்வளவு போனால் அந்த இடம் நோஞ்சானாகிவிடும். உள்ளே சமன் செய்யும்போது அங்கேயே இன்னும் ஒரு மி.மீ. போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மெல்லிய வாளால் அந்தப் பசைக்கோட்டை மட்டும் அறுத்துத் திறந்து, கீற்றை உள்ளே தள்ளி, புதுப் பசை வைத்து, உள்ளும் புறமும் சிறு கட்டைகள் கொடுத்து இறுக்கிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்ய மனம் வராமல் நான் இழைத்துத் தள்ளிய ஓரிடம் இருக்கிறது. உள்ளே முழங்கால் ஊன்றும்போதெல்லாம் லேசாக அமுங்குகிறது.

அறிகுறி: சாண்டர் ஓட்டியபின் அலை அலையாக ஆகிவிட்டது

நல்ல வெளிச்சத்தில் மழமழவென்று இருக்கும், கைக்கும் வழவழப்புதான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மட்டும் ஆற்று மணல்போல வரி வரியாக நிழல் விழும்.

செஞ்சீடர் மிக மென்மையான மரம். காய்ந்த நிலையில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 370 கிலோதான் எடை. தேக்கு இதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கனம். கீற்றுகளுக்கு நடுவில் உள்ள பசைக்கோடு மரத்தைவிடக் கெட்டி. சாண்டரின் அடியில் உள்ள மெத்தையோ மெத்தென்றது. அது மென்மையான நடுப்பகுதியைக் குழித்துவிட்டுப் பசைக்கோட்டை அப்படியே விட்டுவிடும். தாள் மழுங்கியிருந்தால் இன்னும் மோசம், தேய்ப்பதற்குப் பதிலாகச் சூடாக்கி அமுக்கும்.

சாண்டரை ஓரம் வைத்துவிட்டு நீளக்கட்டைக்குத் திரும்புங்கள். குழி ஆழமில்லை என்றால் சுற்றுப்புறத்தை அதன் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். சட்டத்தை வைத்து அடியில் ஒரு தபால் அட்டை நுழைகிற அளவுக்குப் பள்ளம் என்றால், அதைச் சுற்றி ஓரடி தூரம்வரை சரிவாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதற்கும் மேல் ஆழமென்றால் என் கருத்து, விட்டுவிடுங்கள். பள்ளத்துக்காகப் படகு முழுவதையும் மெலிய வைப்பது மூக்கை அறுத்துச் சளியை நிறுத்துகிற கதை. மனிதர் துடுப்புப் போடுகிற வேகத்தில் அரை மி.மீ. பள்ளத்தைத் தண்ணீர் கண்டுகொள்ளாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சாண்டரே கூடாது என்றில்லை. வடிவம் முழுக்கச் சரியான பிறகு, கெட்டியான அடிமெத்தை போட்டு, 120 நம்பர் தாளில், சாய்க்காமல், ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டினால் அது நல்ல வேலைக்காரன்.

அறிகுறி: சரியாக ஓரடிக்கு ஒரு மேடு, ஏராவிலிருந்து (படகடியின் நடுக்கோடு) விளிம்பு வரை வளையம் போல

ஓரடிக்கு ஒன்று என்றாலே அச்சுப் பலகை மேல் சந்தேகம் வர வேண்டும். ஏதோ ஒரு பலகை வரிசையைவிட உயரமாக நின்றிருக்கிறது. அல்லது பக்கத்துப் பலகை குட்டையாக இருந்து, ஸ்டேப்பிள் அடித்தபோது கீற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பலகைகளைத் தாண்டும்படி சட்டத்தை வைத்தால் எது குற்றவாளி என்று தெரியும். நடுவில் மட்டும் தொட்டு இருபுறமும் தூக்கினால் மேடு. இருபுறமும் தொட்டு நடுவில் வெளிச்சம் வந்தால் பள்ளம்.

மேடு என்றால் ஒரு மி.மீ. வரை இழைத்துக் குறைக்கலாம், அதை இருபுறமும் ஓரடிக்குப் பரப்பி. பள்ளத்துக்கு இந்தக் கட்டத்தில் மருந்தில்லை. இது கீற்று ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது: வெறும் அச்சுகளின் மேல் சட்டத்தை ஓட்டி, குட்டைப் பலகையின் விளிம்பில் மாஸ்கிங் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டி உயர்த்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதைப் படிக்கும்போது நீங்கள் இன்னும் அச்சு நிறுத்துகிற கட்டத்திலேயே இருந்தால், கராஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: பின் துளைகள், சுத்தியல் வடு, கறுப்புக் கறை

இது சுலபம். சமன் வேலை முடிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் உடல் முழுதும் துடையுங்கள். அமுங்கிய நார் தண்ணீர் குடித்து உப்பும், துளைகள் பாதி மூடிக்கொள்ளும். ஆழமான வடுவுக்கு ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டி. காய்ந்ததும் எழும்பி நிற்கும் நாரை 120 நம்பர் தாளால் கையாலேயே எடுத்துவிடலாம். மிச்சத் துளைகளை எப்பாக்சி நிரப்பிவிடும்.

துளையைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால் அது இரும்பும் சீடரின் சாறும் சேர்ந்த கறை. ஈரத்தோடு பின்களை நாள்கணக்கில் விட்டால் வரும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை எடுக்கும். கையுறை போட்டுக்கொண்டு தடவி, பிறகு நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். இந்தக் காரணத்துக்காகவே இரும்புக் கம்பளியைப் படகின் பக்கம் கொண்டுவராதீர்கள். உதிர்ந்த துணுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகும்.

அறிகுறி: ஈரத்துணியால் துடைத்தால் சில இடம் மட்டும் வெளிறியே இருக்கிறது

மரப்பசை பூசிக்கிடக்கிறது. வழிந்ததை ஈரக்கையால் துடைத்தபோது நாருக்குள் போயிருக்கும். அதன் மேல் எப்பாக்சி போட்டால் உள்ளே இறங்காது, வார்னிஷுக்கு அடியில் திட்டுத்திட்டாக நிரந்தரமாகத் தெரியும். ஸ்கிரேப்பர் தகட்டால் மெல்லச் சுரண்டி, மறுபடி ஈரத்துணி. நனைந்த மரம் ஒரே நிறமாகும்வரை. ஈரத்தில் தெரிகிற நிறம்தான் கடைசியில் படகின் நிறமும்.

பெயின்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு

நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். பள்ளத்துக்காக மெலிய வைக்கும் வேதனை உங்களுக்கில்லை. துணியும் எப்பாக்சியும் போட்டபின், எப்பாக்சியில் மைக்ரோபலூன் என்ற லேசான நிரப்புத் தூள் கலந்து, கடலை வெண்ணெய் பதத்தில் பட்டி பாருங்கள். கரண்டியிலிருந்து வழியவே கூடாது. பள்ளத்தைவிட அகலமான, வளைகிற தகடால் ஒரே இழுப்பில் இழுங்கள். குட்டைத் தகடால் நாலு முறை இழுத்தால் நாலு புது மேடுகள் வரும். காய்ந்த பட்டி சுலபமாகத் தேயும், அதனால் இங்கேயும் நீளக்கட்டைதான். மேலே வேறு நிறத்தில் லேசாக ஸ்பிரே தூவிவிட்டுத் தேய்த்தால் நிறம் மிஞ்சிய இடமெல்லாம் இன்னும் பள்ளம்.

அறிகுறி: துணி போட்டபின் குமிழ்களும் வெள்ளைத் திட்டுகளும்

நான் போட்டது 6 அவுன்ஸ் துணி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம். எப்பாக்சி நன்றாக ஊறினால் அது கண்ணாடிபோல மறைந்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே ஊறவில்லை. ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் கூட்டி, ரப்பர் தகடால் மெல்ல ஓட்டினால் சரியாகும். ரொம்ப அழுத்தி வழித்தாலும் இதே வெள்ளை வரும்.

குமிழ் வேறு கதை. கராஜில் ஹீட்டரைப் போட்டுச் சூடேறிக்கொண்டிருக்கும்போது எப்பாக்சி பூசினேன். மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து, சோற்றுக் கஞ்சி கொதிப்பதுபோல ஒவ்வொரு பின் துளையிலிருந்தும் கிளம்பி வந்தது. முறை இதற்கு நேரெதிர்: முதலில் கராஜையும் மரத்தையும் நன்றாகச் சூடாக்குங்கள், பிறகு வெப்பநிலை இறங்கத் தொடங்கும்போது பூசுங்கள். மரம் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே எப்பாக்சியையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹீட்டரை ஒரேயடியாக அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உங்கள் எப்பாக்சி டப்பாவில் போட்டிருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே இறங்கினால் அது இறுகாது. இறுகிப்போன குமிழை வெட்டி எடுத்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, சிறு துணித்துண்டு வைத்து மறுபடி பூச வேண்டியதுதான்.

அறிகுறி: இறுகியபின்னும் மேலே மெழுகு போலப் பிசுக்கு, தாள் அடைத்துக்கொள்கிறது

குளிரும் ஈரமும் இருக்கிற இடத்தில் சில எப்பாக்சிகளின் ஹார்டனர் (பிசினை இறுக வைக்கக் கலக்கும் திரவம்), காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து இந்தப் படலத்தை உண்டாக்கும். தேய்த்தால் போகாது, இன்னும் உள்ளே இழுகும். தண்ணீரில் கரையும் என்பதுதான் அதில் நல்ல விஷயம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். கழுவியதும் அந்த ஈரம் தானாகக் காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். கழுவிய பிறகே தாள். இதைத் தவறவிட்டு வார்னிஷ் அடித்தால் அது அங்கங்கே ஒதுங்கி, மீன்கண் மாதிரி வட்டவட்டமாக நிற்கும்.

அறிகுறி: எப்பாக்சியைத் தேய்க்கும்போது துணியின் பின்னல் தெரிகிறது

உடனே நிறுத்துங்கள். துணியைத் தொட்டுவிட்டீர்கள். இன்னும் தேய்த்தால் இழை அறுபடும், படகின் பலம் அதில்தான் இருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டு இன்னொரு பூச்சு கொடுங்கள்.

இது வராமலிருக்க, துணியை ஊறவைத்த பூச்சுக்கு மேல் குறைந்தது இரண்டு பூச்சு, பின்னல் முழுக்க மூழ்கும்வரை. முந்தைய பூச்சில் நகம் பதிகிற அளவுக்கு மென்மை இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் நடுவில் தேய்க்க வேண்டியதில்லை. பிறகு சில நாள் முழுக்க இறுகவிட்டு 120 நம்பர் தாள். தேய்த்த இடம் மங்கும். மங்காமல் மின்னுகிற புள்ளிகள்தான் பள்ளம். கொத்தி வைத்த அம்மியைச் சாய்த்துப் பார்த்தது போல உடல் முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளிகளைத் துரத்தித் துரத்தித் தேய்த்தால் பக்கத்தில் துணி வெளியே வந்துவிடும். முக்கால்வாசி மங்கியதும் நிறுத்தி, இன்னொரு மெல்லிய பூச்சால் நிரப்பிவிட்டு மறுபடி தேய்ப்பதுதான் புத்திசாலித்தனம். வளைவு இறுக்கமான வயிற்றுப் பகுதியிலும் ஏராவின் நுனியிலும் சாண்டர் வேண்டாம், கைதான்.

அறிகுறி: எல்லாம் முடிந்து வெயிலில் வைத்தால் பின்னல் மறுபடி லேசாகத் தெரிகிறது

எப்பாக்சி முழுதாக இறுகுவதற்கு முன் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டீர்கள். வெயில் சூட்டில் அது மேலும் இறுகிச் சுருங்கும்போது துணியின் தடம் மேலே வரும். வார்னிஷ் அடிக்காத நிலையில் இதைப் பார்த்தால் அதிர்ஷ்டம்: இன்னும் இரண்டு வாரம் சூடான இடத்தில் விட்டு, 220 நம்பர் தாளில் ஒருமுறை லேசாகக் கையால் தேய்த்துவிடுங்கள். வெறும் எப்பாக்சியோடு வெயிலில் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்துச் சுண்ணாம்பாக உதிரும். தூசி முழுக்கத் துடைத்தபின், புற ஊதாத் தடுப்புள்ள படகு வார்னிஷாகப் பார்த்து, டப்பாவைத் திறக்கலாம்.